ஷார்லொட் முதலில் நுழைந்த வீடு

இன்று காலை யன்னலைத் திறந்ததும் வயல்களுக்கு எரு போடத் தொடங்கிவிட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. ஏப்ரலின் முதல் சூடான நாள். பனி உருகிய ஈர மண், அதன்மேல் மாட்டெரு, அதற்குமேல் நல்ல வெயில். வாசம் தெரு முழுக்கப் பரவிச் சமையலறை வரைக்கும் வந்திருந்தது. ஊரவர்களின் முகநூல் குழுவில் அதற்குள் சண்டை மூண்டுவிட்டது. புதிதாகக் குடிவந்த யாரோ, "இது என்ன நாற்றம், யாரிடம் முறையிடுவது?" என்று பிரெஞ்சில் எழுதியிருந்தார். "மாட்டிடம்" என்று ஒருவர் பதில் போட்டிருந்தார். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு தனியாக இருந்து விழுந்து விழுந்து சிரித்தேன். மேல்மாடியிலிருந்து இறங்கி வந்த என் கணவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "உம்மட சிநேகிதி வந்திட்டா," என்றார்.

நீர் கண்ணை மூடி இரண்டு மாதமாகிறது. பெப்ரவரியில் அழுது முடித்தேன் என்று நினைத்தேன்; முடியவில்லை. ஆனால் இன்று உம்மை நினைத்தபோது முதலில் வந்தது சிரிப்புத்தான். அதனால் இந்தக் கடிதம். "உமக்கு வேறை வேலை வெட்டி இல்லையே?" என்று நீர் கேட்பது காதில் கேட்கிறது. இல்லை. வாசியும்.

மொன்றியலில், செயின்ட்-மிஷேலில் ஒரே கட்டடத்தில் நீர் மேல்மாடி, நான் கீழ்மாடி. நீர் மன்னார், ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவர். நான் யாழ்ப்பாணம், வெள்ளிக்கிழமை கோயில் தவறாதவள். இரண்டு பேருக்கும் ஒரே தையல் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மெஷின். நீர் காற்சட்டைக்குச் சிப் தைத்தீர், நான் பை தைத்தேன். என் பை கோணினால் உம்முடைய சிப்பில் குற்றம் சொல்வேன். நீர் பதிலுக்கு என் மெஷினின் வயரைக் கழற்றிவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் இருப்பீர்.

அப்படியிருந்த உம்மை ஒரு ஸ்ரோபெரிப் பழம் மாற்றிவிட்டது. ஒரு கோடையில் இரண்டு குடும்பமும் பழம் பிடுங்கவென்று மொன்றியல் தீவைவிட்டுப் பாலம் தாண்டி மேற்கே செயின்ட்-லசாருக்குப் போனோம். பழத்தோட்டத்துக்கு அடுத்தது மாட்டுப் பண்ணை. வேலிக்கு அப்பால் ஒரு பசு கன்று போட முடியாமல் கத்திக்கொண்டு நின்றது. பண்ணைக்காரக் கிழவர் தனியே திண்டாடிக்கொண்டிருந்தார். நீர் ஒன்றும் கேட்கவில்லை. மணிக்கூட்டைக் கழற்றி என்னிடம் தந்தீர், வேலிக்குக் கீழால் குனிந்து போனீர், சட்டைக் கையை மடித்தீர். அரை மணித்தியாலத்தில் கன்று புல்லில் கிடந்தது. அந்தக் கிழவர், பிறகு எங்களுக்கு எப்போதும் அவர் 'முசியே'தான், உம்மைப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. திங்கட்கிழமை உம்முடைய மெஷின் சும்மா இருந்தது; நீர் பண்ணைக்கு வேலைக்குப் போய்விட்டீர்.

சனம் கதைக்காமல் விடுமா? "கனடாவுக்கு வந்து மாடு மேய்க்கிறாவாம்," என்றார்கள். என் காதுபடவே ஒரு கலியாண வீட்டில் சொன்னார்கள். நான் கோபத்தோடு உம்மிடம் வந்து சொல்ல, நீர் சோற்றைக் குழைத்தபடியே, "சொல்லட்டுமப்பா. எனக்குப் பிரெஞ்சு வராது எண்டு தொழிற்சாலையிலை ஒரு நாளைக்குப் பத்துத்தரம் சொல்லுவினம். மாடு ஒருநாளும் சொல்லேல்லை," என்றீர். ஆனால் இரண்டு வருடத்தில் முசியேயோடும் மாடுகளோடும் கத்திக் கத்தியே எங்கள் எல்லாரையும்விட நல்ல பிரெஞ்சு கதைக்கத் தொடங்கிவிட்டீர். அதில் பாதி கெட்ட வார்த்தை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

நீர் அங்கேயே குடிபோய்ச் சில வருடம் கழித்து ஒருநாள், "ஓரிடம் காட்ட வேணும், வாரும்," என்று பிக்கப்பில் என்னை ஏற்றிக்கொண்டு போனீர். கர்க்லாண்டைத் தாண்டும்வரை கட்டடங்கள். பாலத்தைத் தாண்டினால் வானம். குதிரை லாயங்கள், வைக்கோல் உருளைகள், பைன் மரங்கள். முசியே விற்றுவிட்ட மேய்ச்சல் நிலத்தில் செம்மஞ்சள் நாடா கட்டிய குச்சிகள் நின்றன. அங்கே எழுபது வீடு வரப்போகிறது என்றீர். மேய்ந்த நிலம் போகிறதே என்று கவலைப்படுவீர் என நினைத்தேன். நீர் குதிக்காத குறை. "இஞ்சை பள்ளிக்கூடம் வரும், பேக்கரி வரும், சனம் வரும். மாட்டோடை மட்டும் கதைச்சுக் கதைச்சு எனக்கு அலுத்துப்போச்சு. நீரும் வாருமப்பா," என்றீர். பிறகு காலால் ஒரு குச்சியைத் தட்டி, "இதுதான் உம்மட வீடு. தண்ணி நிக்காது. நான் பதினொரு மழைக்காலம் பாத்தனான்," என்றீர்.

வீட்டு முகவர் ஒரு மாதம் கதைத்தும் இளகாத என் கணவர் உம்முடைய "தண்ணி நிக்காது" என்ற ஒரு வார்த்தையில் இளகிவிட்டார்.

என்னுடைய பிடிவாதம் அதற்குப் பிறகு தொடங்கியது. இடம்பெயர்ந்த நாளிலிருந்து எண்ணினால் அது என் பன்னிரண்டாவது வீடு. முதல் பதினொன்றும் மற்றவர்களுடையவை. மொன்றியலில் மட்டும் ஐந்து முறை, யூலை முதலாம் திகதி, நகரமே பெட்டி கட்டும் நாளில் நானும் பெட்டி கட்டியிருக்கிறேன். எந்த வீட்டிலும் நான் சுவரில் ஆணி அடித்ததில்லை. சாமிப் படங்கள் மேசையில் சாய்ந்தபடியேதான் நின்றன. கழற்றும்போது சுவர் பழுதாகிவிடும், வீட்டுக்காரன் ஏசுவான் என்ற பயம். சொந்த வீட்டுக்குள்ளும் அப்படி ஒதுங்கி ஒதுங்கிப் புழங்கிவிடுவேனோ என்று உள்ளூர நடுக்கமாக இருந்தது. அதனால்தான் சொன்னேன்: புதுமனை புகும் குடிபூரலுக்குப் பசுவும் கன்றும் முன்னே போக வேண்டும், உயிருள்ள பசு, அதன் பின்னால் நான். அப்படி நுழைந்தால்தான் இது என் வீடு.

"வெள்ளியிலை செய்த மாடு காணும். இஞ்சை எல்லாரும் அதுதான் வைக்கினம்," என்றார் என் கணவர். கோயில் ஐயரும் அதையே சொன்னார். நீர் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தீர்.

"வெள்ளி மாடு சாணி போடுமே ஐயா?" என்று கேட்டீர்.

புது வீட்டுக்குள் பசு சாணி போட்டால் அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் இல்லை என்பது ஐயருக்குத் தெரியாததா? மாதா கோயில் வேதக்காரியான நீர் அதை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

முசியேயிடம் ஷார்லொட் என்ற பசுவையும் அவளுடைய இரண்டு கிழமைக் கன்றையும் நீர் இரவல் கேட்டபோது, அவர் முதலில் நாங்கள் பார்பெக்யூ போடப்போகிறோம் என்று நினைத்தாராம். இல்லை, மாலை போட்டு வீட்டுக்குள் அழைத்துப்போய்க் கும்பிடப்போகிறோம் என்று நீர் விளக்க, நாற்பது வருடம் மாடு வளர்த்த மனிதர் குதிரைக்குப் போடும் ஷாம்பூவை எடுத்துக்கொண்டு ஷார்லொட்டைக் குளிப்பாட்டப் போய்விட்டார் என்றீர்.

அக்டோபர் மாதம், சனிக்கிழமை. நல்ல நேரம் ஏழு பத்திலிருந்து எட்டு ஐந்து வரை. அதை விட்டால் தை பிறந்துதான் நாள் என்று ஐயர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எங்கள் தெருவுக்கு அப்போது பெயர்ப்பலகை வரவில்லை, கதவுகளுக்கு இலக்கம் வரவில்லை. எல்லாம் ஒரே சாம்பல் கல், ஒரே கறுப்புக் கதவு. உமக்கு அடையாளம் சொன்னவள் நான்தான். நீற்றுப்பூசணி கிடைக்காததால் பெரிய செம்மஞ்சள் பூசணிக்காய் ஒன்று வாங்கியிருந்தோம், வெட்டிக் கண்ணூறு கழிப்பதற்கு. தொலைபேசியில் நான் சொன்னது இவ்வளவும்தான்: "வாசலிலை பூசணிக்காய் இருக்கும், கதவு திறந்திருக்கும். அதுதான் எங்கட."

அக்டோபர் மாதத்தில், மொன்றியலுக்குப் பக்கத்தில், வாசலில் பூசணிக்காய் உள்ள வீடு! அதைச் சொன்ன எனக்கும் உறைக்கவில்லை, கேட்ட உமக்கும் உறைக்கவில்லை. எங்களுக்குப் பூசணிக்காய் என்றால் குடிபூரல். வீட்டுக்கு வீடு பூசணிக்காய் வைக்கும் ஹலோவீன் என்று ஒன்று இருப்பது இரண்டு பேருக்கும் மறந்தே போய்விட்டது.

ஏழு பத்து. நிறைகுடம், குத்துவிளக்கு, ஆலாத்தித் தட்டு எல்லாம் தயார். கூறைச்சேலையில் நான், பட்டு வேட்டியில் என் கணவர், ரொக்ஸ்பரோவிலிருந்து வந்த மைத்துனி குடும்பம். உம்மைக் காணவில்லை. ஏழு இருபது. காணவில்லை. ஏழு இருபத்தைந்துக்குத் தொலைபேசி அடித்தது.

"உள்ளை விட்டாச்சு. நீங்களெல்லாம் எங்கை போனியள்?" என்றீர்.

"எங்கை உள்ளை?"

"உம்மட வீட்டுக்குள்ளைதான். சாணியும் போட்டுட்டாள், கெட்டிக்காரி! ஆனா இஞ்சை ஒரு வெள்ளைக்காரி நிக்கிறா. ஆரப்பா இவ?"

நான் வெறுங்காலோடு ஓடினேன். ஆலாத்தித் தட்டைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. இன்னும் புல் விரிக்காத மூன்று முற்றத்துச் சேற்றையும் மிதித்துக்கொண்டு நான் முன்னே, என் கணவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி பின்னே, அவருக்குப் பின்னால் ஐயர். வேலைக்கு வந்த தச்சர்கள் கூரையில் நின்று கை தட்டினார்கள்.

இரண்டு வீடு தள்ளி, வாசலில் பூசணிக்காய் இருந்த வீட்டின் நடுக் கூடத்தில் ஷார்லொட் நின்றாள். அவ்வளவு வெள்ளையான மாட்டை நான் கண்டதில்லை. நெற்றியில் முசியே கட்டிய நீல ரிப்பன். புதுப் பலகைத் தரையில் சாணி. நைற் உடுப்போடு ஒரு மதாம் கோப்பிக் கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெட்டிகளுக்கு இடையில் சிலையாக நின்றார். முந்திய நாள்தான் தனியாளாகக் குடிவந்தவராம். மிச்சச் சாமானை விடியவே இறக்கிவிட்டுப் போனவர்கள் கதவைத் திறந்து விட்டிருக்கிறார்கள். நீர் நுழைந்து "பொன்ஜூர்" சொல்லியிருக்கிறீர். அவரும் திருப்பிச் சொல்லியிருக்கிறார்.

"தோரணமும் இல்லை, கும்பமும் இல்லை. நீங்கள் செலவைக் குறைச்சிட்டியள் எண்டு நினைச்சன்," என்று என்னைப் பார்த்துச் சொன்னீர் பாரும், அந்த இடத்திலேயே உம்மைக் கொன்றிருப்பேன்.

கொல்ல நேரம் இல்லை. ஏழு நாற்பது. கன்று ஒரு காரியம் செய்திருந்தது. தரையில் சூட்டுக் காற்று வரும் கம்பித் துளையைக் கண்டுபிடித்து, அதன்மேல் வயிற்றை வைத்துப் படுத்துவிட்டது. எழுப்பினால் எழும்பவில்லை. கன்று எழும்பாமல் தாய் அசையமாட்டாள். நீர் கயிற்றை இழுத்தீர், ஷார்லொட் உம்மை இழுத்தாள். "நேரம் போகுது பிள்ளை," என்று ஐயர் என் காதுக்குள் சொல்லச் சொல்ல எனக்கு அழுகை முட்டியது. பன்னிரண்டாவது வீட்டுக்கும் இப்படித்தானா என்று நினைத்தேன்.

நீர் மதாமிடம் திரும்பி, பண்ணைப் பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னீர். நாங்கள் யார், ஏன் மாடு, சாணி ஏன் அதிர்ஷ்டம், இவளுக்கு இது எத்தனையாவது வீடு, எட்டு ஐந்துக்குள் போகாவிட்டால் என்ன ஆகும், எல்லாம். உம்முடைய கெட்ட வார்த்தைகள் நடுநடுவே வந்து விழுந்தன. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கோப்பையைப் பெட்டிமேல் வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். கண்ணீர் வழியச் சிரித்தார். விவாகரத்தாகி மூன்று மாதமாக அவர் வீட்டு மணியை ஒருவரும் அடிக்கவில்லையாம். இன்றைக்கு மணியே அடிக்காமல் பசு வந்துவிட்டது என்றார். பின் உடுப்பின் கையை மடித்துக்கொண்டு கன்றின் பின்பக்கமாகப் போய்க் குனிந்தார்.

நீர் முன்கால் பக்கம், மதாம் பின்கால் பக்கம். "ஒண்டு, ரெண்டு," என்று நீர் தமிழில் எண்ண, அவர் சரியாக மூன்றுக்குத் தூக்கினார். சேற்றுக்குள்ளால் நீங்கள் கன்றைச் சுமந்துகொண்டு போக, ஷார்லொட் கத்திக்கொண்டு பின்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் நான். எட்டு மணி ஒரு நிமிடத்துக்கு அவளுடைய கால் என் வாசற்படியில் பட்டது. ஐயர் மந்திரத்தை ரயில் வேகத்தில் சொன்னார். மாலை போட்டேன், பொட்டு வைத்தேன், வாழைப்பழம் கொடுத்தேன். ஷார்லொட் என் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள், பழத்தைத் தின்றாள், போனாள். சாணி போடவில்லை. அதுதான் அங்கே போட்டு முடித்தாயிற்றே.

பால் பொங்கிய பிறகு நான் குசினி மூலையில் இருந்து அழுதேன். சிறுபிள்ளைத்தனம்தான், தெரியும். என் அதிர்ஷ்டம் இரண்டு வீடு தள்ளிப் போய்விட்டது என்று உம்மிடம் சொல்லிச் சொல்லி அழுதேன். "அழாதையும். நாளைக்கு அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வாறன், வயிறு முட்டப் புல்லுக் குடுத்து," என்றீர்.

அப்போது வாசலில் மணி அடித்தது. மதாம். உடுப்பு மாற்றி, தலை வாரி, உதட்டுக்குச் சாயம் பூசியிருந்தார். கையில் கேக் வாங்கும் வெள்ளைப் பெட்டி. திறந்தேன். உள்ளே மெழுகுத் தாள் விரித்து, அழகாகச் சாணி. சரியாகப் பாதி என்று உம்மிடம் அவர் சொன்னதை நீர் எனக்குச் சொன்னீர். மற்றப் பாதியைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டாராம்.

நீர் தரையில் இருந்து சிரித்தீர். ஐயர் சிரித்தார். கோபத்தில் இருந்த என் கணவரே சிரித்தார். நான் அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அந்த மனுசியைக் கட்டிப் பிடித்தேன். எல்லாரும் வாழை இலையில் சாப்பிட்டோம். மதாம் மூன்று வடை தின்றார். பின்னேரம் நீர் போகும்போது பிக்கப்பிலிருந்து சுத்தியல் எடுத்து வந்து, ஒன்றும் சொல்லாமல் என் கையில் தந்தீர். என் வாழ்க்கையில் முதல் ஆணியை நான் அன்றுதான் அடித்தேன். கோணலாகத்தான் போனது. பிள்ளையார் இன்றும் கொஞ்சம் சரிந்துதான் இருக்கிறார்.

அதற்குப் பிறகு எழுபது வீடு எழுநூறாகிவிட்டது. பள்ளிக்கூடம் வந்தது, பேக்கரி வந்தது, நீர் கேட்ட சனம் வந்தது. எங்கள் ஆட்கள் வீடு வாங்கினால் முதலில் உமக்குத்தான் அழைப்பு. சின்னதுகள் உம்மை "மாட்டு அன்ரி" என்றார்கள். பூசைக்கு வரும் நேரத்திலும் உம்மில் வைக்கோல் மணக்கும் என்று உம்முடைய மகள் குறைப்படுவாள். "மாதாவுக்கு அந்த மணம் புதுசே? பிள்ளையைப் பெத்ததே தொழுவத்திலைதானே," என்பீர். ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை, "ஷார்லொட்டின்ரை பேத்தியைக் கூட்டிக்கொண்டு வரட்டே?" என்று கேட்டேன். நீர் கண் திறக்காமல், "லிஃப்ற் அவளுக்குக் காணாது," என்றீர். அதன் பிறகு நாங்கள் கதைத்தது கொஞ்சம்தான்.

போன சனிக்கிழமை புதுத்தெருவில் ஒரு குடிபூரல். நாள் குறித்த பிறகுதான் நீர் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. முசியேயின் மகள் என்னை அழைத்து, மாடு இருக்கிறது, கொண்டுபோக ஆள் இல்லை என்றாள். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். இத்தனை வருடத்தில் மாட்டுக்கு மாலை போட்டிருக்கிறேனே தவிர, கயிறு பிடித்ததில்லை. மதாம்தான் பிக்கப் ஓட்டினார். வீட்டு இலக்கத்தை நான் இரண்டு தரம் சரிபார்த்தேன். ஷார்லொட்டின் பேத்தி வாசற்படியில் தயங்கி நின்றாள். அவளுடைய கழுத்தில் கையை வைத்துக்கொண்டு நானும் நின்றேன். அவசரப்படுத்தவில்லை. அவளாக உள்ளே போனாள். புதுப் பெண் கூடத்தில் நின்று அழுதுகொண்டு சிரித்தாள். அந்த முகத்தை நீர் எத்தனை வீட்டில் பார்த்திருப்பீர் என்று நினைத்தேன்.

திரும்பும்போது அந்தப் பெண்ணின் தாய் எனக்குப் பலகாரப் பை தந்துகொண்டே, "நீங்கள் எவடம்?" என்று கேட்டார். எங்கள் ஆட்கள் அதைக் கேட்டால் ஊரில் எந்தக் கிராமம் என்றுதான் அர்த்தம். நாற்பது வருடமாக யோசிக்காமல் ஒரே பதிலைச் சொல்லி வந்திருக்கிறேன்.

"இஞ்சைதான்," என்றேன்.

"இல்லை, சொந்த இடம்?"

நான் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, நாடியைத் தூக்கித் திசை காட்டினேன்.

"ஓம், சொந்த இடந்தான். மூண்டு தெரு தள்ளி."